கால்சியம்: வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

அம்மாவுக்கு அப்போது 62 வயது. பின்கட்டில் துணி காயப்போடப் போனவர், ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். பலமாக விழவில்லை, ஆனால் மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், "பால், தயிர் எல்லாம் சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்க, அம்மா சொன்ன பதில், "காப்பியில ஊத்துற பால்தான் டாக்டர்." அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு அக்காமார்கள், அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கால்சியம் எலும்புக்கு மட்டும்தானே?

இல்லை. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது, அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சமுள்ள அந்த ஒரு சதவீதத்தைத்தான் உடம்பு கண்ணில் எண்ணெய் விட்டுக் காவல் காக்கிறது. இதயம் துடிப்பது, தசை சுருங்குவது, நரம்பு சேதி கடத்துவது, வெட்டுப்பட்டால் ரத்தம் உறைவது எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை, அவ்வளவுதான் இடம். அதற்குக் கீழே போகத் தொடங்கினால், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகள் (பாராதைராய்டு) ஒரு ஹார்மோனை விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதைக் குறைக்கும், வைட்டமின் டி-யைச் செயல்பட வைத்துக் குடலை இன்னும் அதிகமாக உறிஞ்சச் சொல்லும்.

எலும்பை நெற்குதிர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் வீட்டில் உலை வைத்தாக வேண்டும், அதனால் தினம் குதிரிலிருந்து அள்ளிக்கொண்டே இருப்போம். குதிர் காலியாவது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ரத்த டெஸ்டில் கால்சியம் நார்மல் என்று வந்திருக்கிறது. அப்படியானால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லவே இல்லை, காரணம் மேலே சொன்னதுதான். எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தின் அளவை உடம்பு சரியாக வைத்துக்கொள்ளும், ஆகவே எலும்பு பாதி தேய்ந்தவருக்கும் ரத்தக் கால்சியம் அழகாக 9.4 என்று வரலாம். அந்த டெஸ்ட் பாராதைராய்டு கோளாறு, சிறுநீரக நோய் போன்றவற்றைக் கண்டுபிடிக்க உதவும். நீங்கள் போதுமான அளவு கால்சியம் சாப்பிடுகிறீர்களா என்று அது சொல்லாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்?

ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராம். 2010-ல் இதே நிறுவனம் 600 போதும் என்று சொல்லியிருந்தது, அதனால் பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் குழம்ப வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 1200. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் 1000-ஐ ஒட்டித்தான். பத்தாம் வகுப்புப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் தேவை ஏறக்குறைய ஒன்று என்பது எனக்கே புதுசாக இருந்தது.

நாம் சாதாரணமாகச் சாப்பிடுவதில் எவ்வளவு வருகிறது?

அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டை நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், ராத்திரி தோசை, இரண்டு வேளை காப்பி. அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்கூடக் கிடையாது, ஆக நாள் முழுக்கச் சாப்பிட்ட அரிசியில் வந்தது 30-க்குப் பக்கம். காப்பிப் பால் 150 மில்லி, அதில் 180. பருப்பு, காய், புளி, மிளகு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து தாராளமாகப் போட்டாலும் 150. மொத்தம் 360. நாள்தோறும் 600-க்கு மேல் துண்டு விழுகிறது, இதுவே முப்பது வருஷமாக நடந்திருக்கிறது.

தயிர்? "ராத்திரி தயிர் ஆகாது, மத்தியானம் உங்களுக்கெல்லாம் போட்டுட்டு மிச்சம் இருந்தா ஊத்திக்குவேன்." எத்தனை வீடுகளில் இதே கதையோ.

கேழ்வரகுதான் பதில் என்கிறார்களே?

பெரும்பாலும் சரிதான். கேழ்வரகு, கேப்பை, ராகி, ஈழத்தில் குரக்கன், எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் 100 கிராமில் 340 முதல் 360 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கிறது. தானியங்களில் இதற்குப் பக்கத்தில் நிற்க வேறு எதுவும் இல்லை, கம்பும் சோளமும்கூட இல்லை. 50 கிராம் மாவில் கூழ் காய்ச்சினால் 170-க்கு மேல் வந்துவிடும், அதில் ஒரு கிண்ணம் தயிரைக் கடைந்து ஊற்றிக் கரைத்தால் கூழும் மோருமாக 300-ஐத் தாண்டும். ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழை வருஷம் முழுக்க வீட்டில் குடிக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

ஆனால் ஒன்று. கேழ்வரகில் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் முழுசாக இறங்க விடாது. ஊறவைத்து முளைகட்டி அரைத்தாலோ, மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க வைத்தாலோ ஃபைட்டேட் குறையும். கிராமத்தில் முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சுவார்கள், அது ருசிக்கு மட்டும் செய்தது என்று நினைத்திருந்தேன்.

ராகி பிஸ்கட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் முதல் பொருள் கோதுமை மாவோ மைதாவோதான், கேழ்வரகு எங்கேயோ நாலாவது இடத்தில் கூச்சத்தோடு நிற்கும்.

கீரை?

கீரை எல்லாம் ஒன்றில்லை. பாலக்கீரையில் 100 கிராமுக்கு 80 மில்லிகிராம் சொச்சம் இருக்கிறது, ஆனால் அதில் ஆக்சலேட் (ஃபைட்டேட் மாதிரியே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்) மிக அதிகம் என்பதால் உடம்பில் சேர்வது 5 சதவீதம்தான், அதாவது நாலு மில்லிகிராம். பாலில் இருப்பதில் சுமார் 30 சதவீதம் சேரும். பாலக் பன்னீர் சாப்பிட்டால் கால்சியம் வருவது பன்னீரால்.

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300-க்கு மேல், அகத்தியில் 900-க்கும் மேல். ஏகாதசி விரதம் இருந்தவர்கள் மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையோடு விரதம் முடிப்பார்கள், பல வீடுகளில் அன்று மட்டும்தான் அகத்தி அடுப்பேறும். கசப்பு ஒரு காரணம், மருந்தை முறித்துவிடும் என்ற பயம் இன்னொன்று. எங்கள் வீட்டில் தேங்காய் தூக்கலாகப் போட்டு, அரிசி களைந்த தண்ணீரில் வேகவைத்துச் சமாளிக்கிறோம்.

கறிவேப்பிலையில் 100 கிராமுக்கு 600-க்கு மேல் இருக்கிறது என்று ஒரு செய்தி சுற்றும். உண்மைதான். ஆனால் தாளிப்பில் விழுவது ரெண்டு கிராம், அதையும் இலையோரம் ஒதுக்கி வைக்கிறோம். துவையலாகவோ பொடியாகவோ அரைத்தால்தான் அது வயிற்றுக்குள் போகும்.

எள்ளில் பாலைவிடப் பத்து மடங்கு இருக்கிறதாமே?

எடைக்கு எடை பார்த்தால் அப்படித்தான் வரும், 100 கிராமில் ஆயிரத்துக்கு மேல். ஆனால் பெரும்பகுதி தோலில் இருக்கிறது, அதே தோலில் ஆக்சலேட்டும் இருக்கிறது, அதனால் முழுசாகச் சேராது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் ரொம்பக் குறைந்துவிடும். கறுப்பு எள்ளுருண்டை தினம் ஒன்று சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் அதை நம்பிப் பாலையும் தயிரையும் விட்டுவிட வேண்டாம். நல்லெண்ணெயில் கால்சியம் கிடையாது. உளுந்தங்களி நல்ல சாப்பாடு, புரதம் உண்டு, ஆனால் "எலும்பு இரும்பாகும்" அளவுக்கு உளுந்தில் கால்சியம் இல்லை.

பால் ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு உப்புகிறது. என்ன செய்வது?

வளர்ந்த பிறகு பால் சர்க்கரையை (லாக்டோஸ்) செரிக்க முடியாமல் போவது நம் பக்கம் சர்வசாதாரணம். தயிராக உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்றுவிடும், அதனால் பால் ஆகாதவர்களில் நிறையப் பேருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஒரு கிண்ணம் தயிரில் 150 முதல் 200 வரை வரும். மோர் என்று சொல்லும்போது கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும், ஒரு கரண்டித் தயிரில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் அது தாகத்துக்கு, கால்சியத்துக்கு இல்லை.

அடிக்கடி வரும் துணைக் கேள்வி: ஆவின் நீலமா, பச்சையா, ஆரஞ்சா? கால்சியத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கால்சியம் இருப்பது கொழுப்பில்லாத திடப்பொருளில், அது நீலத்திலும் பச்சையிலும் ஒரே 8.5 சதவீதம்தான். கொழுப்பு குறைந்த பால் "சத்தில்லாத பால்" என்று மாமியார் சொன்னால் இதைக் காட்டலாம், கேட்பார் என்று உத்தரவாதம் தர முடியாது.

அசைவத்தில்?

முள்ளோடு மென்று தின்கிற மீன். நெத்திலி, குழம்பில் நன்றாக வெந்த சின்ன மத்தி. கால்சியம் முள்ளில்தான் இருக்கிறது, வஞ்சிரத் துண்டில் அல்ல. கருவாடும் நல்ல வரவுதான், கூடவே உப்பும் மூட்டையாக வரும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலும்பு முறிந்தால் ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொல்கிறார்களே?

குடியுங்கள், மிளகு போட்டுச் சூடாக இருந்தால் அதற்கு ஈடே இல்லை. ஆனால் எலும்பிலுள்ள கால்சியம் கொதிக்கிற தண்ணீரில் லேசில் கரையாது, ஒரு கோப்பை சூப்பில் வருவது சொற்பம். ஜெலட்டினும் கொஞ்சம் புரதமும் வரும். எலும்பு கூடுவதற்குப் புரதமும் வேண்டும்தான், அதற்கு முட்டையும் பருப்பும் சூப்பைவிட மலிவு.

பிரண்டை?

'அஸ்திசம்ஹாரகம்' என்ற வடமொழிப் பெயரே எலும்பைச் சொல்லி வைத்த பெயர்தான், அஸ்தி என்றால் எலும்பு. எலும்பு முறிவு சீக்கிரம் கூட உதவுகிறதா என்று சின்ன அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, மருந்துக்குப் பதில் என்று சொல்ல அவை போதாது. நாக்கும் கையும் அரிக்கிறதே, அது கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களால், அதைக் கால்சியம் வரவு என்று எண்ண முடியாது. துவையலாகச் சாப்பிடுங்கள், புளி விட்டு.

தினம் கோதுமை மணி அளவு சுண்ணாம்பைத் தயிரில் கலந்து சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாமாமே?

வாட்ஸ்அப்பில் எனக்கும் மூன்று முறை வந்தது. கணக்குப் போடுவோம். ஒரு கோதுமை மணி சுமார் 50 மில்லிகிராம். சுத்தமான, காய்ந்த சுண்ணாம்பு என்றே வைத்துக்கொண்டாலும் அதில் 54 சதவீதம்தான் கால்சியம், 27 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் ஈரச் சுண்ணாம்பில் அதிலும் பாதி இருக்கலாம். அதைக் கலக்குகிற தயிரில் இரண்டு ஸ்பூன் எடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். இதில் அற்புதம் நடந்தால் அது தயிரின் அற்புதம். சுண்ணாம்பு அரிக்கும் பொருள், வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும், வெள்ளையடிக்க வாங்கியதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறதோ. "கண்ணளவு கூடினால் பரவாயில்லை" என்று ஒரு ஸ்பூன் போடுகிறவர்களை நினைத்தால்தான் பயம்.

வெற்றிலை பாக்குப் போடுவதைக் கால்சியக் கணக்கில் நியாயப்படுத்தவும் வேண்டாம். பாக்கு, புகையிலை சேர்க்காமல் போட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்?

நியாயமான கேள்வி. வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியத்தில் கொஞ்சம்தான் குடலில் சேரும், மிச்சம் வந்த வழியே போய்விடும். தோலில் அது உண்டாக வெயிலின் புற ஊதா பி கதிர் நேரடியாகப் பட வேண்டும். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது, எனவே கார் ஜன்னல் வழியே, அலுவலகக் கண்ணாடி வழியே வருகிற வெயில் சுடுமே தவிர உதவாது. அதிகாலை இளவெயிலிலும் அது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுகிற நேரம்தான் சரியான நேரம், அதாவது நாம் எல்லோரும் குடை பிடிக்கிற, துப்பட்டாவால் முகம் மூடுகிற, மரத்தடி தேடுகிற நேரம். கறுப்புத் தோலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கூட வேண்டும். நம் மாநிற, கறுப்புத் தோலில் உள்ள நிறமியே ஒரு குடை.

குறைவு இருந்தால் டாக்டர் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டோ மாத்திரையோ வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதுவார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் மாசக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டவர்களையும். இது கொழுப்பில் தங்குகிற சத்து, கூடினால் ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும்?

அட்டையில் உள்ள எழுத்தைப் படியுங்கள். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்றால் அதில் உண்மையான கால்சியம் 500தான், 40 சதவீதம். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். கால்சியம் சிட்ரேட் என்றால் வெறும் வயிற்றிலும் போடலாம், வருஷக்கணக்கில் (அமிலத்தைக் குறைக்கும்) கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது பொருந்தும், ஆனால் அதில் உள்ள கால்சியம் 21 சதவீதம்தான். ஒரே நேரத்தில் 500-க்கு மேல் போட்டால் குடல் சரியாக வாங்காது, பிரித்துப் போடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி. தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம். காலையில் எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குகிற பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு, அதை முதலில் மாற்ற வேண்டும்.

எல்லோருக்கும் மாத்திரை தேவையா? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,000-க்கு மேற்பட்ட பெண்களைச் சுமார் ஏழு வருஷம் தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. தினம் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்தும் இடுப்பெலும்பு முறிவு தெளிவாகக் குறையவில்லை, சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது. சாப்பாட்டில் எட்டாத மிச்சத்துக்குத்தான் மாத்திரை என்று நான் எடுத்துக்கொண்டது அதைப் படித்த பிறகுதான்.

எனக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது, பாலை நிறுத்திவிட்டேன். சரியா?

பெரும்பாலும் தப்பு. கல் பெரும்பாலானவர்களுக்குக் கால்சியம் ஆக்சலேட். சாப்பாட்டோடு போகும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும், கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் வந்து சேரும். உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் குறைவாக வந்தது என்று 1993-லேயே பெரிய ஆய்வில் தெரிந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள், மாத்திரை வேண்டுமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு?

அரசு திட்டத்திலேயே 14-வது வாரத்திலிருந்து, பிரசவமாகி ஆறு மாதம் வரை, நாளுக்கு இரண்டு கால்சியம் மாத்திரை (500 வீதம்) உண்டு. கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிற பெண்களுக்குக் கர்ப்பகால ரத்த அழுத்த ஆபத்தை இது குறைக்கிறது, எலும்பைவிட இதுதான் முக்கியக் காரணம். பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பில் கொஞ்சம் குறையும், நிறுத்திய பிறகு திரும்ப ஏறிவிடும், பயப்பட வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பிறகு என்ன ஆகிறது?

எலும்பு கல்தூண் மாதிரி ஒரு தடவை கட்டி முடித்தது இல்லை. ஒரு வகைச் செல் இடிக்கும், இன்னொரு வகைச் செல் கட்டும், வாழ்நாள் முழுக்க. முப்பது வயதுக்குள் கட்டுவது மேலோங்கி இருக்கும், உச்சம் அங்கேதான். பெண்களுக்கு இடிக்கிற செல்லை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அது நின்றதும் முதல் ஐந்து முதல் ஏழு வருஷத்தில் 20 சதவீதம் வரைகூட எலும்பு போகலாம். முதலில் முறிவது பெரும்பாலும் மணிக்கட்டு, அப்புறம் முதுகெலும்பு, இடுப்பு. முதுகெலும்பு நொறுங்குவது பல சமயம் வலிகூட இல்லாமல் நடக்கும். "பாட்டிக்கு வயசாகிக் கூன் விழுந்துவிட்டது" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான், உயரம் ஒரு அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் பார்க்க வேண்டும்.

எலும்பு அடர்த்தியை அளப்பதற்கு டெக்ஸா ஸ்கேன், ஒரு வகை எக்ஸ்ரே. அதில் வரும் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறையும் நோய். கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டுக் குதிகாலை ஒரு மெஷினில் வைக்கச் சொல்கிறார்களே, அது நோயை உறுதி செய்கிற சோதனை இல்லை, அதைப் பார்த்து அங்கேயே டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்காதீர்கள். நோய் உறுதியானால் கால்சியம் மட்டும் போதாது, வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசி என்று தனி மருந்துகள் இருக்கின்றன.

முட்டியில் சொடக்குச் சத்தம், நகத்தில் வெள்ளைப் புள்ளி. கால்சியம் குறைவா?

இரண்டும் இல்லை. முட்டி வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், எலும்பு அடர்த்திக் குறைவு வேறு நோய். விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மதமதப்பு, கை இழுத்துக்கொள்வது என்றால் அது ரத்தத்தில் உண்மையாகவே கால்சியம் குறைந்ததாக இருக்கலாம், குறிப்பாகத் தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தர்மபுரிப் பக்கம் தண்ணீரால் எலும்பு கெடுகிறது என்பது என்ன?

அது ஃப்ளூரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அது பல இடங்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது, பல் பழுப்பாவதும் எலும்பு, மூட்டு இறுகுவதும் அதனால். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்ததே இதற்காகத்தான். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் ஃப்ளூரைடின் பாதிப்பு கூடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறவர்கள் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.

காப்பி குடித்தால் எலும்பு கரையுமா?

ஒரு கோப்பைக்கு இரண்டு மூன்று மில்லிகிராம் கூடுதலாக வெளியேறும், அதில் ஊற்றுகிற பாலில் ஒரு ஸ்பூன் அதை ஈடுகட்டிவிடும். உப்புதான் உண்மையான கரையான், 6 கிராம் உப்பு சிறுநீரில் சுமார் 40 மில்லிகிராம் கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். அம்மாவுக்குக் கை கட்டியிருந்த ஆறு வாரமும் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் காப்பியை நிறுத்தச் சொன்னார்கள், சாப்பாட்டு மேஜையில் இருந்த மாவடு ஜாடியை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது அம்மா காப்பியை விடவில்லை, காலையில் கேப்பைக் கூழும் மத்தியானம் முதல் ஆளாகத் தயிரும் சேர்ந்திருக்கிறது, பின்கட்டில் சொரசொரப்பான தரை போட்டாயிற்று.